ரக்டு ஃபிளிப் போன் தினசரிப் புழக்கத்துக்குத் தேறுமா? வாங்கும் முன்னும் முதல் வாரத்திலும் பார்க்க வேண்டியவை

ரக்டு ஃபிளிப் போனை வாங்கிய சில நாளிலேயே கடையில் திருப்பிக் கொடுப்பவர்களில், உடைந்துவிட்டது என்று சொல்பவர் அரிது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை, ஒரு கையால் திறக்க வரவில்லை, சட்டைப் பையில் இருக்கும்போது தானாக யாருக்கோ அழைப்பு போகிறது, வீட்டுக்குள் சிக்னலே வரவில்லை என்பவைதான் வழக்கமான காரணங்கள். கீலில் மடித்து மூடும் பொத்தான் போன்தான் ஃபிளிப் போன்; அடி, தூசி, தண்ணீர் மூன்றையும் தாங்கும்படி கட்டிய போனைத்தான் ரக்டு என்கிறார்கள். தாங்குமா என்பதைத் தயாரிப்பாளர் ஓரளவு சோதித்துத்தான் அனுப்புகிறார். நம் கைக்கும் காதுக்கும் ஒத்துவருமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் போதும். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். முதல் படியில் தவறினால் மற்றதெல்லாம் வீண் வேலை.

இந்தப் போன்கள் அதிகம் புழங்குவது அமெரிக்காவிலும் ஜப்பானிலும். கியோசெராவின் டியூராஎக்ஸ்வி எக்ஸ்ட்ரீம், சோனிமின் எக்ஸ்பி3 பிளஸ், டி-மொபைல் 2021இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேட் எஸ்22 ஃபிளிப் போன்றவை அமெரிக்கச் சந்தையில் தெரிந்த பெயர்கள். அவற்றை மனதில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில் நெட்வொர்க்

அமெரிக்காவின் மூன்று பெரிய செல்போன் சேவை நிறுவனங்களும் 2022க்குள் 3ஜியை மூடிவிட்டன. ஏடி அண்ட் டி பிப்ரவரியில், டி-மொபைல் ஜூலையில், வெரைசன் ஆண்டின் கடைசி நாளில். ஆகவே 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வோல்ட்இ வசதி இல்லாத ஃபிளிப் போன், பெட்டி பிரிக்காத புதியதாகவே இருந்தாலும், அங்கே பேச உதவாது. வோல்ட்இ இருந்தால் மட்டும் போதாது. அந்த நிறுவனம் அந்த மாடலை ஏற்றிருக்கவும் வேண்டும். போன் கையில் இருந்தால் *#06# அழுத்தி 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்து, நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பழைய சரக்கை இணையத்தில் வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் அந்த எண்ணைக் கேட்டுவிடுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

ஊருக்கு வரும் உறவினரிடம் இந்தப் போனை வாங்கிவரச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் போன்கள் 2, 4, 12, 13, 66, 71 போன்ற 4ஜி பேண்டுகளை, அதாவது அலைவரிசைகளை, நம்பிச் செய்யப்பட்டவை. இந்தியாவில் 4ஜி ஓடுவது பெரும்பாலும் 1, 3, 5, 8, 40, 41 பேண்டுகளில். ஜியோவுக்கு 3, 5, 40 முக்கியம். ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேண்டு பொருந்தாவிட்டால் அழைப்பே கிடையாது. மாடலின் பேண்டுப் பட்டியலை எடுத்து இந்த எண்களில் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். 3, 40 இரண்டும் இல்லாத போனை இந்தியப் புழக்கத்துக்கு வாங்குவது பணத்தை வீணாக்குவது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூபிஐ செயலிகள் சிம் எந்தப் போனில் இருக்கிறதோ அதோடுதான் இணையும். சிம்மை ஆண்ட்ராய்டு இல்லாத ஃபிளிப் போனுக்கு மாற்றினால், சாதாரணப் போனிலும் பணம் அனுப்ப உதவும் *99# வழியும் 2022இல் வந்த யூபிஐ 123பே வழியும்தான் மிஞ்சும். தினமும் கடைக்குக் கடை க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கொடுப்பவர், சிம்மை மாற்றும் முன் இதை யோசித்துவிட வேண்டும்.

பெட்டியில் உள்ள எழுத்துகள்

ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் தரத்தைக் காட்டும் குறியீடு. ஐபி68 என்பதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. தண்ணீருக்கு 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்று வரையறை இருக்கிறது. 8 என்றால் அதைவிடக் கடுமையானது, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். கையேட்டில் அந்த இரண்டு எண்களைத் தேடிப் படியுங்கள். பலர் அறியாத ஒன்று: மூழ்கித் தாங்கும் போன், பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று பொருளில்லை. குழாய் வைத்துக் கழுவ வேண்டிய வேலை என்றால் ஐபி69 அல்லது ஐபி69கே என்ற எழுத்தும் வேண்டும். அந்தச் சோதனையில் 80 டிகிரி சூட்டுத் தண்ணீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் அடிக்கிறார்கள். இவை எல்லாமே நல்ல தண்ணீரில் செய்யும் சோதனைகள். உப்புத் தண்ணீர், சோப்பு நீர், டீசல் எதுவும் இதில் சேராது.

எம்ஐஎல்-எஸ்டிடி-810ஹெச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு, 2019இல் வந்த பதிப்பு. இதற்குச் சான்றிதழ் தரும் அரசு அலுவலகம் எதுவும் இல்லை. எந்தச் சோதனைகளைச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார். பரவலாகச் சொல்லப்படும் விழும் சோதனையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடுகிறார்கள்: 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. கீழே இருப்பது கான்கிரீட்டின் மேல் பரப்பிய பிளைவுட். அந்த 26 முறையையும் 5 போன்களுக்குப் பங்கிட்டுக்கொள்ள முறையில் இடமுண்டு. இதனால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. உங்கள் போன் கருங்கல் படியில் திறந்த நிலையில் விழுவது அந்தக் கணக்கில் வராது என்கிறோம்.

கடையில் ஐந்து நிமிடம்

கீல்தான் ஃபிளிப் போனின் உயிர். கையில் வாங்கியதும், வழக்கமாகப் பேசும் கையில் பிடித்து, கட்டைவிரலால் மட்டும் திறந்து பாருங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே விரல் நுழைய உதடு போன்ற விளிம்பு இருக்கிறதா? இல்லாவிட்டால் நகத்தால் நெம்ப வேண்டியிருக்கும், நனைந்த கையில் அது நடக்காது. வேலையில் கையுறை போடுபவர் அதையும் கொண்டுபோய் மாட்டித் திறந்து பாருங்கள்.

பிறகு முழுக்கத் திறந்து, கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆட்டுங்கள். மேல்பாதி சிறிதளவு அசையலாம். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அந்தப் பிரதி வேண்டாம். மெல்லத் திறந்துகொண்டே போகும்போது திரை எந்தக் கோணத்திலாவது மினுங்குகிறதா என்று கவனியுங்கள். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே கீல் வழியாக மெல்லிய பட்டைக் கேபிள் ஒன்று ஓடுகிறது. அது தேய்ந்தால் முதல் அறிகுறி இந்த மினுக்கம்தான். பழைய போன் வாங்குபவர் இதற்காகவே இருபது முறை திறந்து மூட வேண்டும், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.

அடுத்தது பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டு 5ஆம் பொத்தானின் நடுவில் உள்ள புள்ளியை விரலால் தேடுங்கள். கிடைத்ததும், தெரிந்த ஒரு 10 இலக்க எண்ணைப் பார்க்காமல் ஐந்து முறை அடியுங்கள். ஒரு தடவை பிசகினால் பழக்கத்தில் சரியாகும். மூன்று தடவை பிசகினால் பொத்தான்கள் உங்கள் விரலுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று பொருள். ரப்பர் போர்த்திய பொத்தான்கள் தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் பொத்தான் அழுந்திவிட்டது என்ற உணர்வு விரலுக்குத் தெளிவாக வர வேண்டும். அது இல்லாத போனில் ஒரே எண் இரண்டு முறை விழும்.

போனை வெயிலுக்குக் கொண்டுபோய்த் திரையையும் வெளித்திரையையும் பாருங்கள். டியூராஎக்ஸ்வி எக்ஸ்ட்ரீமின் உள்திரை 2.6 அங்குலம், 240×320 புள்ளிகள். எண்களுக்கு அது தாராளம், நீண்ட செய்தி படிக்கச் சிரமம். எழுத்தளவைப் பெரிதாக்கினால் ஒரு திரையில் எத்தனை வரி நிற்கிறது என்று எண்ணுங்கள். நான்குக்குக் கீழ் போனால் முதியவர்கள் தவிப்பார்கள். வெளித்திரையில் அழைப்பவர் பெயர் முழுதாகத் தெரிகிறதா, மணி பார்க்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள். மணி பார்க்கவே போனைத் திறக்க வேண்டியிருந்தால் கீல் பல மடங்கு உழைக்கும்.

வீட்டில் முதல் நாள்: பேச்சு

மற்ற எல்லாம் சுமாராக இருந்தாலும் பேச்சு நன்றாக இருக்க வேண்டும். ஃபிளிப் போனில் மைக் வாய்க்கு அருகே வருவது நல்ல அமைப்பு. ஆனால் காதுப் பக்கத்து ஒலித்துளை சிறியது, காதிலிருந்து சற்று விலகினாலே சத்தம் குறைந்துவிடும். ஆகவே முதல் அழைப்பில் போனைக் காதில் மேலும் கீழுமாக நகர்த்தி, சரியான இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமலேயே ‘சத்தம் போதவில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அடுத்த சோதனைக்கு வீட்டில் இன்னொருவர் வேண்டும். அவரை வேறு இடத்திலிருந்து அழைத்து, செய்தித்தாளை ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓடும் மிக்சியிலிருந்து இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள். பிறகு அவர் கேட்க, நீங்கள் படியுங்கள். இரைச்சலைக் குறைக்கும் இரண்டாவது மைக் சில மாடல்களில் முதுகுப் பக்கம் இருக்கும். உங்கள் விரல் அதை மூடினால் எதிர்முனையில் மிக்சி சத்தம் திடீரென்று கூடும். அவர் அப்படிச் சொன்னால் பிடியை மாற்றிப் பாருங்கள். வெளி ஒலிபெருக்கி இந்தப் போன்களில் பொதுவாக உரக்கக் கேட்கும், அதைப் பற்றிக் கவலை குறைவு. செவித்துணைக் கருவி அணிபவர், எம்4/டி4 போன்ற பொருத்தக் குறியீடு போனுக்கு இருக்கிறதா என்று பார்த்து, கருவியை மாட்டிக்கொண்டே பேசிப் பாருங்கள்.

அமைப்புகளில் ‘திறந்தால் எடு’, ‘மூடினால் துண்டி’ என்ற இரண்டையும் தேடி, எது இயங்குகிறது எது அணைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். யார் அழைக்கிறார் என்று பார்க்கத் திறக்கும் பழக்கம் உள்ளவருக்கு ‘திறந்தால் எடு’ தொல்லை.

இதோடு ஒட்டிய சிக்கல் ஒன்று உண்டு. போன் மூடியிருக்கிறதா என்பதை உள்ளே ஒரு சிறு காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும் சேர்ந்து கண்டறிகின்றன. காந்தப் பிடி வைத்த உறை, காரில் ஒட்டும் காந்தத் தாங்கி போன்றவை அருகே வந்தால், திறந்திருக்கும் போனே மூடிவிட்டதாக நினைத்து அழைப்பைத் துண்டிக்கும், திரை இருண்டுவிடும். இதைப் போனின் கோளாறு என்று நினைத்து மாற்றி வாங்குகிறவர்கள் உண்டு. உறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

பக்கவாட்டுப் பொத்தான்களையும் முதல் நாளே கவனியுங்கள். ஒலி, ஸ்பீக்கர், வாக்கிடாக்கி போல அழுத்திப் பேசும் பொத்தான், சில மாடல்களில் அவசர அழைப்புப் பொத்தான் எல்லாம் வெளியே இருக்கும், போன் மூடியிருந்தாலும் இயங்கும். அவசரப் பொத்தானில் அமெரிக்காவில் 911, இந்தியாவில் 112 போகும்படி இருந்தால் சோதனைக்காக அதை அழுத்தாதீர்கள். முதலில் வீட்டில் ஒருவர் எண்ணை அதில் வைத்து, போனை ஒரு நாள் முழுக்க வழக்கமான பையில் போட்டுக்கொண்டு நடமாடுங்கள். அவருக்குத் தவறான அழைப்பு ஒன்றுகூடப் போகவில்லை என்றால் பிறகு உண்மையான எண்ணை வையுங்கள்.

பெயர்ப் பட்டியலும் குறுஞ்செய்தியும்

பழைய போனிலிருந்து பெயர்களைச் சிம்மில் ஏற்றிக் கொண்டுவர வேண்டாம். சிம்மில் சாதாரணமாக 250 பெயர் வரைதான் கொள்ளும், நீண்ட பெயர்கள் வெட்டுப்படும், தமிழில் எழுதிய பெயர்கள் இன்னும் சீக்கிரமாக வெட்டுப்படும். பெயர்ப் பட்டியலுக்கான விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, புளூடூத் வழியாக அனுப்புங்கள்.

ஐபோனிலிருந்து மாறுகிறவர்கள் சிம்மைக் கழற்றும் முன்பே, அமைப்புகளில் மெசேஜஸ் பகுதிக்குப் போய், ஐபோன்களுக்கிடையே இணையம் வழி செய்தி அனுப்பும் ஐமெசேஜை அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் மாறினால், மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் பழைய போனுக்கே போய்க்கொண்டிருக்கும். ஃபிளிப் போனில் செய்தி வராததற்கு அமெரிக்காவில் அடிக்கடி காணும் காரணம் இதுதான்.

தமிழ் தெரிகிறதா என்று சோதிக்க, யாரையாவது ‘கௌரி, நொங்கு, ஸ்ரீ, பக்ஷி’ என்ற நான்கு சொற்களை அனுப்பச் சொல்லுங்கள். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவே இல்லை. கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நின்றால் எழுத்துரு இருக்கிறது, எழுத்தைக் கோக்கும் திறன் இல்லை. இரண்டையுமே வாங்கிய பிறகு சரிசெய்ய வழி கிடையாது. இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும்: ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70 குறியீடுதான். புள்ளியும் காலும் தனித்தனியாக எண்ணப்படும், ‘அம்மா’ என்பது 5. எழுபதைத் தாண்டினால் செய்தி 67, 67 ஆகப் பிரிந்து போகும். செய்திக்குச் செய்தி காசு பிடிக்கும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது செலவு.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்கு, எழுத்துக்கு ஒரு அழுத்தத்திலேயே சொல்லை ஊகிக்கும் டி9 அகராதி முதலில் எரிச்சலூட்டும். ‘வரேன்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க 5 எழுத்து. அகராதிக்குத் தெரிந்த சொல்லானால் 5 அழுத்தம் போதும், தெரியாவிட்டால் பழைய முறையில் 11 அழுத்தம். நீங்கள் நாள்தோறும் எழுதும் இருபது சொற்களை முதல் நாளே அகராதியில் சேர்த்துவிடுங்கள். சொல் சேர்க்க வழியில்லாத போன் என்றால், அதில் ‘வீட்டுக்கு வந்துட்டேன்’, ‘பிறகு கூப்பிடுகிறேன்’ போன்ற ஆயத்த வாக்கியங்களைச் சேமிக்க முடிகிறதா பாருங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் தெளிவாக இருங்கள். காய்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் போன்களுக்கு அது நின்றுவிட்டது. கேட் எஸ்22 ஆண்ட்ராய்டு 11 கோ பதிப்பில் ஓடுவதால் செயலிகளை ஏற்கும். ஆனால் 2 ஜிபி நினைவகமும் 2.8 அங்குலத் தொடுதிரையும்தான். தட்டச்சுப் பலகை எழும்பினால் பாதித் திரை மறைந்துவிடும். குடும்பக் குழுவில் வரும் செய்தியைப் படிக்கலாம், பத்தி பத்தியாக எழுத அது ஆகாது.

மூன்று நாள் பேட்டரிக் கணக்கு

100 சதவீதம் ஏற்றி, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். மூன்று இரவு போதும். செயலிகள் இல்லாத ஃபிளிப் போனில் எட்டு மணி நேரத்தில் 5 சதவீதத்துக்குள் இறங்கினால் நல்லது. 10ஐத் தாண்டினால் இரண்டில் ஒன்று காரணம்: படுக்கையறையில் சிக்னல் மங்கி போன் விடாமல் கோபுரத்தைத் தேடுகிறது, அல்லது பின்னணியில் ஏதோ ஓடுகிறது. ஒரு இரவு சிக்னல் நன்றாக உள்ள ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். எண் குறைந்தால் காரணம் சிக்னல். போனை மாற்றித் தீராது, வைஃபை வழி அழைப்பு இருந்தால் அதை இயக்க வேண்டும்.

பகல் கணக்கு தனி. பேச்சு, டார்ச், ஹாட்ஸ்பாட் மூன்றில் ஹாட்ஸ்பாட்தான் பேட்டரியை அதிகம் தின்னும். எஸ்22இல் இருப்பது 2000 எம்ஏஹெச், டியூராஎக்ஸ்வி எக்ஸ்ட்ரீமில் 1770. இன்றைய ஸ்மார்ட்போன்களில் பாதிகூட இல்லை. லேப்டாப்புக்கு இணையம் கொடுப்பதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: எப்படிச் சோதிப்பது, எப்படிக் கூடாது

போனை வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்க்காதீர்கள். வாளியில் அமிழ்த்தவும் வேண்டாம். ஐபி68 என்று விற்கும் போனிலும் தண்ணீர்ச் சேதத்துக்கு உத்தரவாதம் பெரும்பாலும் கிடையாது. நீர் பட்டதைக் காட்ட உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை வில்லை சிவந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

இந்தப் போன்களில் தண்ணீர் நுழையும் வழி அநேகமாக இரண்டுதான்: சார்ஜர் துளையின் ரப்பர் மூடி, பேட்டரி மூடியின் உட்புற ரப்பர் வளையம். வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் போதும், அதை ஒட்டியே நீர் உள்ளே கசியும். ஆகவே பின்மூடியைத் திறந்து, வளையத்தை நல்ல வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். விரிசல், மடிப்பு, மணல் இருக்கக் கூடாது. பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மூடிப் பூட்டை முழுதாகத் திருகுங்கள். ரப்பர் மூடியை நகத்தால் நான்கு மூலையிலும் அழுத்துங்கள். அதன்பின் மெல்ல ஓடும் குழாய் நீரில் அரை நிமிடம் காட்டுங்கள். துடைத்து, பத்து நிமிடம் கழித்துப் பின்மூடியைத் திறந்து பேட்டரி அறையில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். இந்த அளவு சோதனை போதும்.

நனைந்த பிறகு பேச்சு மங்கலாகக் கேட்பது கோளாறு ஆகாது. ஒலித்துளைக்குப் பின்னால் உள்ள மெல்லிய சவ்வின்மேல் நீர் நிற்கிறது. துளை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டி, ஒரு மணி நேரம் காற்றில் விடுங்கள். ஊசி, குண்டூசி, காற்றடிக்கும் குழாய் எதையும் துளைக்குள் விடாதீர்கள். சவ்வு கிழிந்தால் அன்றோடு அது தண்ணீர் தாங்காத போன். அரிசிப் பானையில் புதைப்பதாலும் பயனில்லை, தூசியும் மாவும் துளைகளில் அடையும். சார்ஜர் துளை உலரும்வரை சார்ஜ் போட வேண்டாம். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் உள்ளே உள்ள தொடுமுனைகள் அரித்துப் பச்சை பிடிக்கும். கடல் நீரில் விழுந்தால், உடனே மூடிகளைத் திறக்காமல் நல்ல நீரில் அலசுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெந்நீர் ஆவிக்குள் கொண்டுபோவதையும் தவிருங்கள், கேமரா லென்ஸுக்குள் ஆவி படரும்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால்

அதே வாரத்தில் ஒரு பேட்டரியும் பின்மூடியும் கூடுதலாக வாங்கிவிடுங்கள். கேட் பெயரில் போன் செய்துவந்த புல்லிட் நிறுவனம் 2024 தொடக்கத்தில் மூடிவிட்டது. இந்த வகைப் போன்களுக்கு உதிரிபாகம் கிடைக்கும் காலம் குறைவு. கூடுதல் பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதி அளவுக்கு ஏற்றுங்கள். போனில் உள்ள பேட்டரியை மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டையான மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் போல் சுற்றினால் வீங்கத் தொடங்கிவிட்டது. வீங்கிய பேட்டரி பின்மூடியை உள்ளிருந்து தள்ளும், ரப்பர் வளையம் விலகும். அன்றே பேட்டரியை மாற்றி, வளையத்தைத் துடைத்து மூடுங்கள்.